பாக்குநீரிணையை நீந்திக் கடந்தவர்களும் நீந்தத் தெரியாத பிள்ளைகளும்

பாக்குநீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் யார் என்று கேட்டால், மிஹிர் சென் என்று விடை சொல்வோர் இன்றும் பலர். 1958 செப்டெம்பரில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அச்சாதனையை நிகழ்த்திய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றவர் அவர். 1966 ஏப்ரல் 5 ஆம் திகதி தலைமன்னாரில் கடலில் இறங்கி மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். மாபெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் அக்கடலில் இறங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, நெல்லியடிச் சந்தியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு கரையிலிருந்து ஒரு தமிழர் இந்தியக் கரைக்கு நீந்திச் சேர்ந்துவிட்டார். தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி என்பது அவருடைய பெயர்.

வடமராட்சியின் வரலாற்றை எழுதுவோர் அதன் கல்லூரிகளைப் பற்றி எழுதுவர். கோயில்களைப் பற்றியும் கப்பலோட்டிகளைப் பற்றியும் எழுதுவர். நீச்சலுக்கென்று அவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அத்தியாயத்தில் பெருமைக்குரிய பக்கங்களும் உண்டு. நம்மைத் தலைகுனிய வைக்கும் பக்கங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பயன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நெல்லியடி கடற்கரை ஊர் அன்று. கரவெட்டி, உடுப்பிட்டி, துன்னாலை எனச் சூழவுள்ள ஊர்கள் கூடும் சந்தை நகரம் அது. ஆனால் அங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் சிறிது நேரத்தில் நீரைக் கண்டுவிடலாம். யாழ்ப்பாண வீதியில் சென்றால் வல்லை வெளியும் அதன் நடுவே பாலத்தின் கீழ் விரியும் தொண்டைமானாற்றுக் கடனீரேரியும் வரும். வடக்கே சென்றால் வல்வெட்டித்துறையும் தொண்டைமானாறும். வடகிழக்கே பருத்தித்துறை. கிழக்கே வல்லிபுரத்து மணல்மேடுகளைத் தாண்டினால் வங்கக் கடல்.

இக்கடல்கள் ஒரே தன்மையானவை அல்ல. வடகரை கற்பாறைக் கரை. கரையோரமாக நீருக்குள் கற்பார் படர்ந்து கிடக்க, அதன் உட்புறம் ஆழங்குறைந்து அமைதியாகத் தோன்றும். பாரைத் தாண்டியதும் நிலைமை மாறும். கிழக்குக் கரை மணற்கரை. அங்கே அலை நேராக வந்து அடிக்கும். திரும்பும் நீர் காலை இழுக்கும். கடனீரேரியோ பார்வைக்குக் குளம் போன்றது; ஆனால் அடியில் சேறு. அதன் முகத்துவாரத்திலுள்ள அணைக்கதவுகள் திறக்கப்படும்போது அதுவே ஆறாகிவிடும். இம்மூன்று நீர்களும் ஒரே பிரதேசத்தில், ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்தில் உள்ளன. ஒன்றில் பழகியவர் மற்றொன்றிலும் பழகியவர் என்று கருதுவது பெருந்தவறு. நம்மவர் பலர் உயிரிழந்தது அக்கருத்தினால்தான்.

நீரோடு தமிழருக்கு இருந்த உறவு பழமையானது என்பதற்கு மொழியே சான்று. இன்று நாம் குளித்தல் என்றால் உடலைக் கழுவுதல் என்று பொருள் கொள்கிறோம். முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் சொற்களிலோ அச்சொல் மூழ்குதல் என்ற பொருளில் நிற்கிறது. மன்னார்க் கடலில் காலிற் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளிய மனிதர்களின் தொழிற்சொல் அது. அவர்கள் தனியே இறங்குவதில்லை. மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் இழுத்துத் தூக்குவார். கீழே போகிறவனின் உயிர் மேலே நிற்பவனின் கையில் இருந்தது. நீர்ப் பாதுகாப்பின் முதல் விதி இதுவே. நம் முன்னோர் அதை நூலில் எழுதிவைக்கவில்லை, கயிற்றில் எழுதிவைத்தார்கள்.

சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குக் கடலாடு காதை என்றே பெயர். பரிபாடலில் வையைப் புனலாட்டு பெருவிழாவாக விரிகிறது. யாழ்ப்பாணத்திலும் நீராடல் விழாவோடு கலந்தது. வல்லிபுர ஆழ்வார் கோயிலின் புரட்டாசிக் கடல் தீர்த்தத்துக்குப் பல்லாயிரம் பேர் கூடுவர். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் கூட்டம் நிறையும். செல்வச்சந்நிதி முருகனுக்குத் தொண்டைமானாறே தீர்த்தம். ஆனால் தீர்த்தமாடுதல் வேறு, நீந்துதல் வேறு. இடுப்பளவு நீரில் நின்று மூன்று முறை மூழ்கி எழுவதற்கு நீச்சல் தேவையில்லை. கடலை வணங்கத் தெரிந்த நம் சமூகத்தில் பெரும்பான்மையோர் கடலில் மிதக்கக் கற்றதில்லை. கற்றவர்கள் கரையோர மக்கள். அவர்களுக்கு அது தொழிலின் பகுதி. உள்ளூர்ப் பிள்ளைகள், அதாவது நெல்லியடி போன்ற இடங்களில் வளர்ந்த எங்களைப் போன்றோர், கோயிற் கேணியிலும் குளத்திலும் தோட்டக் கிணற்றிலும் வாழைக்குற்றியைக் கட்டிப்பிடித்துக் கை கால் அடித்ததே நீச்சற் கல்வி. அதுவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்.

கரையோர மக்களின் கடலறிவு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வல்வெட்டித்துறையில் உள்ளூர்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர். அந்த ஊரின் பிள்ளைகளுக்கு இந்தியக் கரை என்பது அயலூர். பாக்குநீரிணை அவர்களுக்கு எல்லை அன்று, தெரு. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த றொபேட் பாக் என்பவரின் பெயரை ஆங்கிலேயர் அக்கடலுக்கு வைக்க முன்னரே, நம்மவர் அதன் காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான்.

இந்தப் பின்னணியில்தான் நவரத்தினசாமியை வைத்துப் பார்க்க வேண்டும். 1954 மார்ச் 25 ஆம் திகதி வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கியபோது அவர் நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். இன்றைய கணக்கில் அது விளையாட்டு வீரர்கள் ஓய்வுபெற்றுப் பயிற்சியாளர்களாகிவிடும் வயது. ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தி, மறுநாள் 26 ஆம் திகதி கோடிக்கரையில் கரையேறினார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதராக அவர் பதிவானது அவ்வாறே.

இங்கே ஒரு புவியியல் உண்மையைக் கவனிக்க வேண்டும். பின்வந்த நீச்சல் வீரர்கள் பெரும்பாலும் தெரிந்தெடுத்த பாதை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நவரத்தினசாமி தெரிந்தெடுத்த வல்வெட்டித்துறை - கோடிக்கரைப் பாதையோ நேர்கோட்டில் அளந்தாலும் 50 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நீந்துகிறவர் நேர்கோட்டில் செல்வதில்லை. நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குக் கரை தெரியாத ஒரு முழு இரவை அவர் நீரிலேயே கழித்தார். மிஹிர் சென்னுக்கு இந்தியக் கடற்படையின் கப்பல்கள் துணை வந்தன. நவரத்தினசாமி, காற்றையும் நீரோட்டத்தையும் பரம்பரையாக அறிந்த மக்களின் கரையிலிருந்து புறப்பட்டவர். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனால் பதிவேடு என்று ஒன்று இருக்குமானால் அதில் முதற் பெயர் முதலாவதாக எழுதப்பட வேண்டும்.

நாட்களையும் பாருங்கள். நவரத்தினசாமி நீந்தியது மார்ச் இறுதி வாரம். மிஹிர் சென் நீந்தியது ஏப்ரல் முதல் வாரம். 2021 மார்ச்சில் தெலங்கானாவைச் சேர்ந்த சியாமளா கோலி என்ற பெண்மணி இக்கடலைக் கடந்தார். 2022 மார்ச் 20 ஆம் திகதி, ஒட்டிசம் என்னும் குறைபாட்டுடன் வளர்ந்த 13 வயதுச் சிறுமி ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். இவர்கள் எல்லோரும் ஏன் மார்ச்சையும் ஏப்ரலையும் தெரிந்தெடுத்தார்கள்? டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் மூச்சடக்கிக் கிடக்கும். உலகம் வியந்த வீரர்களே கடலிடம் அனுமதி கேட்டு, அது தந்த நாட்களில்தான் இறங்கினார்கள். மார்கழியில் மணற்காட்டுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் குழுவொன்றுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு இல்லை.

நவரத்தினசாமி காட்டிய வழியை இன்னும் தொலைவுக்குக் கொண்டுசென்றவர் வல்வெட்டித்துறையில் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தன். மக்கள் அவருக்கு இட்ட பெயர் ஆழிக்குமரன். 1943 இல் பிறந்த அவர், 1971 இல் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தியதோடு நில்லாமல் அங்கிருந்து திரும்பியும் நீந்தினார். போகவும் வரவும் 51 மணி நேரம். அதற்குப் பின்னர் அவர் நிகழ்த்திய சாதனைகள் கின்னஸ் நூலின் பல பக்கங்களில் இடம்பெற்றன. 187 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து சைக்கிள் ஓடினார். 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். 1981 இல் 80 மணி நேரம் நீரில் நின்ற நிலையிலேயே மிதந்தார். இவற்றில் சிலவற்றை வெறும் வேடிக்கை என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. சிறிய தீவின் சிறிய ஊரொன்றைச் சேர்ந்த ஒருவர், உலகம் தம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்று தம் உடலையே பணயம் வைத்தார். அந்தக் காலத்தில் அவருக்குப் பின்னால் பெரும் வணிக நிறுவனங்களோ, விஞ்ஞானப் பயிற்சிக் கூடங்களோ இல்லை.

அவருடைய 51 மணி நேரம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று திரும்பி, 28 மணி 19 நிமிடம் 43 வினாடியில் அதை முறியடித்தார். அச்செய்தி வந்தபோது, முறியடிக்கப்பட்ட சாதனை யாருடையது என்பதையே நம் இளைஞர்கள் பலர் அன்றுதான் அறிந்தார்கள். சாதனை முறியும்போதுதான் சாதனையாளர் நினைவுக்கு வருகிறார் என்றால், குறை நமது நினைவிலே.

1984 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர்நீத்தார். அவருக்கு 41 வயது. அப்போது நான் பாடசாலை மாணவன். கடலும் அவரைக் கொல்லுமா என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது நினைவிலிருக்கிறது. இன்று யோசித்தால், அக்கேள்விக்குள் ஒரு விடை இருக்கிறது. அவரைப் பெற்று வளர்த்த கடல் வேறு. அவர் இறுதியாக இறங்கிய கடல் வேறு. பாக்குநீரிணை பெரும்பகுதியும் ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான கடல். ஆங்கிலக் கால்வாய் ஓகஸ்ட் மாதத்திலும் 18 பாகை செல்சியஸைப் பெரிதும் தாண்டாத குளிர்நீர். 1875 இல் கப்டன் மத்தியூ வெப் என்பவர் அதனை முதன்முதலில் நீந்திக் கடந்தபோது 21 மணி 45 நிமிடம் பிடித்தது. அவர் கடந்த தூரம் நேர்கோட்டில் சுமார் 34 கிலோமீற்றர்தான்; ஆனால் ஏற்றவற்றம் நீந்துபவரைப் பக்கம் பக்கமாக இழுத்துச் செல்லும். நீந்தத் தெரிந்தவர் எல்லா நீரிலும் நீந்தத் தெரிந்தவர் அல்லர் என்று மேலே எழுதினேன். மிகப் பெரிய நீச்சல் வீரரின் முடிவும் அதையே நமக்குச் சொல்கிறது. அவருடைய வீரத்தை இது குறைப்பதில்லை. கடலுக்கு நாம் தரவேண்டிய மதிப்பைக் கூட்டுகிறது.

ஆனந்தன் மறைந்த அந்த ஆண்டிலேயே வடகரையும் மறையத் தொடங்கியது. கடற்கண்காணிப்பு வலயங்கள் அறிவிக்கப்பட்டன. கரையோர முகாம்கள் எழுந்தன. 1987 மே மாதத்தில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை வந்தது. அதன் பின்னர் ஆண்டுக் கணக்கில் கடற்றொழிலுக்குத் தடை. தடை தளர்ந்தால் நேரக் கட்டுப்பாடு. அதுவும் தளர்ந்தால் அனுமதிச் சீட்டு. மீனவன் தொழிலை இழந்தான் என்பதை நாங்கள் பத்திரிகைகளில் எழுதினோம். குழந்தைகள் கடலை இழந்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. தகப்பன் படகிறக்காத வீட்டில் பிள்ளை தோளுக்கு மேல் நீரில் இறங்கப் பழகுவதில்லை. முள்வேலிக்கு அப்பால் நீலமாகத் தெரிந்த ஒன்றை ஒரு முழுத் தலைமுறை பார்த்துக்கொண்டே வளர்ந்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து, பின்னர் படிப்படியாகக் கரைகள் திறந்துவிடப்பட்டபோது, அத்தலைமுறை கடலை நோக்கி ஓடியது. அதற்குக் கடல் மீது ஆசை இருந்தது; கடல் பற்றிய அறிவு இருக்கவில்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போக வேண்டிய பாடம் நடுவிலே அறுந்துவிட்டது.

இடையில் 2004 டிசெம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களைத் துடைத்துச் சென்றது. அந்த நீரில் நீச்சல் யாரையும் பெரிதாகக் காப்பாற்றியிராது என்று சொல்வோர் உண்டு. ஓரளவு உண்மைதான், அலையின் வேகத்துக்கு முன் மனிதக் கை எம்மாத்திரம்! ஆயினும் ஒரு கணக்கு என்னை இன்றும் உறுத்துகிறது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில், பல இடங்களில் இறந்தோருள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி என்று கண்டது. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் பெண்களின் இறப்பு ஆண்களின் இறப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணங்கள் பல. கடலுக்குப் போயிருந்த ஆண்கள் ஆழக்கடலில் தப்பினர். வீட்டிலிருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முனைந்தனர். ஆனால் இலங்கையைப் பற்றி அக்குறிப்பு சொன்ன இன்னொரு காரணம் உண்டு. நீந்தவும் மரமேறவும் இங்கே ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுகிறது என்பது அது. வாழைக்குற்றியைக் கட்டிப்பிடித்து நாங்கள் கேணியில் கும்மாளமிட்டபோது கரையில் நின்று உடுப்புகளுக்குக் காவல் காத்த சகோதரிகளை நினைத்துக்கொள்கிறேன். அது விளையாட்டு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது உயிர்க்காப்பு என்பது பிறகுதான் புரிந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் தென்கரையில் வெலிகமவை மையமாகக் கொண்டு, பெண்களுக்கும் வளரிளம் பெண்களுக்கும் இலவசமாக நீச்சல் கற்பிக்கும் திட்டம் ஒன்றைப் பிரித்தானிய ஆசிரியை ஒருவர் தொடங்கினார். முதலில் கற்பிப்பது வேகமாக நீந்துவதை அல்ல, மல்லாந்து மிதப்பதை. மிதக்கத் தெரிந்தவளுக்கு மூச்சு உண்டு. மூச்சிருந்தால் அடுத்ததை யோசிக்கலாம். வங்காளதேசத்தில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி அடிப்படை நீச்சலும், பிறரைக் காப்பாற்றும் எளிய முறைகளும் கற்பித்தார்கள். அப்பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் 90 வீதத்துக்கும் மேல் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. நம்மிடம் இல்லாத எந்தப் பணமும் அங்கே இல்லை. நம்மிடம் உள்ள குளங்களே அங்கும் உள்ளன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஜூலை 25 ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. இத்தகைய பேரெண்கள் மனதைத் தொடுவதில்லை. செய்தி அறையில் உழைத்த ஆண்டுகளில் என்னைத் தொட்டவை சிறு செய்திகளே. நீராடச் சென்ற மாணவர்கள் பலி. பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில் கடலுக்குச் சென்றவர் சடலமாக மீட்பு. நண்பனைக் காப்பாற்றச் சென்ற நண்பனும் உயிரிழப்பு. பெயரையும் வயதையும் ஊரையும் மாற்றினால் போதும். அதே செய்தியை மீண்டும் அச்சேற்றலாம். மூன்றாவது செய்திதான் மிகக் கொடியது. ஒருவன் மூழ்க, இருவர் இறப்பது.

அதைத் தடுக்க வழி உண்டு. உயிர்காப்பாளர்கள் உலகெங்கும் கற்பிக்கும் ஒழுங்கு எளிமையானது. மூழ்குபவரைக் கண்டால் முதலில் சத்தமிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். கரையில் நின்றபடி தடியையோ சேலையையோ சாரத்தையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதப்பதை எறியுங்கள். வெறும் பிளாஸ்ரிக் கலன் ஒன்றை மூடியிறுக்கி எறிந்தாலும் ஒருவரை மிதக்க வைக்கும். படகிருந்தால் படகில் செல்லுங்கள். பயிற்சி இல்லாதவர் நீரில் பாய்வது கடைசி வழியும் அன்று. அது வழியே அன்று. மூழ்குபவர் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்வார். அது நன்றியின்மை அன்று, உயிரின் இயல்பு.

மணற்கரைகளில் ஆபத்தானது அலையைவிட அலைக்கு இடையிலுள்ள அமைதி. கரைக்கு வந்து சேர்ந்த நீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது அங்கே அலை உடையாது. நிறம் சற்றுக் கருமையாக, அமைதியாகத் தோன்றும். அறியாதவர் அங்கேதான் இறங்குவார். அந்த இழுவை மனிதரைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுசெல்லும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்து மூழ்குகிறார். எதிர்க்காமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் விலகினால் இழுவை விட்டுவிடும். பிறகு அலையே கரைக்குக் கொண்டுவரும். சென்னை மெரினாவில் இறங்கிக் குளிப்பதைப் பொலிஸார் தடைசெய்திருப்பதும் இத்தகைய இழுவைகளால் ஆண்டுதோறும் உயிர்கள் போனதனால்தான். தடை ஒரு வழி. கல்வி அதைவிட நல்ல வழி.

இந்தக் கல்வியை எங்கிருந்து தொடங்குவது? வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் அமைந்திருக்கிறது. நினைவுச் சின்னங்களில் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பேன். ஆனால் ஒரு தடாகம் ஓர் ஊருக்கே போதாது. நெல்லியடியிலும் கரவெட்டியிலும் துன்னாலையிலும் உள்ள பாடசாலைப் பிள்ளைகள் அங்கே போய்வரப் பேருந்தும் பயிற்றுநரும் வேண்டும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும். பழைய கேணிகளைத் தூர்வாரி, படிக்கட்டுகளைத் திருத்தி, ஆழத்தைக் குறித்து, மேற்பார்வையோடு பயன்படுத்தலாம். இலங்கை உயிர்காப்புச் சங்கம் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. அதன் பயிற்சிகளைத் தமிழில் நம் இளைஞர்களுக்குப் பெற்றுத்தர வேண்டும். கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவராவது நீந்தத் தெரிந்தவராயிருக்க வேண்டும் என்ற விதியைப் பாடசாலைகள் தாமே வகுத்துக்கொள்ளலாம். அங்குள்ள மீனவர் ஒருவரிடம், இன்று இறங்கலாமா என்று கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. வாடைக்கும் சோளகத்துக்கும் வேறுபாடு தெரிந்த மனிதர் அவர்.

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் பாடசாலைத் தடாகங்களில் நீந்தக் கற்றிருப்பர். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பாட்டனாரின் கடல்தானே என்று இறங்குவர். தடாகத்தில் கற்ற நீச்சல் கடலுக்குப் போதாது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஊர்ச் சங்கங்கள் வழியாகக் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பணம் அனுப்புகிறீர்கள், அனுப்புங்கள். அதில் ஒரு சிறு பங்கில் நெல்லியடிப் பாடசாலை ஒன்றின் ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டு நீச்சல் கற்கலாம்.

நவரத்தினசாமி 27 மணி நேரம் நீந்தியதும், ஆனந்தன் 51 மணி நேரம் நீந்தியதும் நம் வரலாறு. அவர்களைப் போல் எல்லோரும் நீந்த வேண்டியதில்லை. இந்தக் கரைகளில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், தலைக்கு மேல் நீர் வந்தால் ஐந்து நிமிடம் மிதக்கத் தெரிந்திருந்தால் போதும். உதவிக்கு ஆள் வந்து சேர அந்த ஐந்து நிமிடம் போதும்.